முதியோர் கண்ணும் இளையோர் கையும்

(ஆண்டு விழாவில் நூல்நிலையக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

விழா மேடையில் ஏறுவோர் நன்கொடை கேட்பது வழக்கம். நாங்கள் பொருள் கேட்டு வரவில்லை. உங்கள் கண்களையும், தமிழறிவையும், வாரத்தில் ஒரு மணி நேரத்தையுமே கேட்க வந்துள்ளோம்.

இந்தப் பிலாய் நகரில் முதல் ஊதுலை 1959-ஆம் ஆண்டு எரியத் தொடங்கியது. அக்காலத்தில் தமிழகத்தினின்றும் இங்கு வந்த நம் முன்னோர் டிரங்குப் பெட்டியில் துணிமணிகளோடு சில தமிழ் நூல்களையும் கொண்டுவந்தனர். அவற்றுட் சில இன்று நம் சங்க அலமாரியில் உள்ளன. தாள் பழுத்துவிட்டது, புரட்டினால் ஒடிகிறது. நம் பேரப்பிள்ளைகளோ அலமாரியை நாடுவதில்லை. அவர்கள் படிப்பதெல்லாம் கைப்பேசித் திரையில். நூல் அங்கே சென்றாலன்றி அவர்கள் கைக்குத் தமிழ் எட்டாது.

இதற்கு வழி முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. 1971-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்பார் நூல்களைக் கணினியிலிட்டு எவர்க்கும் விலையின்றி வழங்கும் குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கினார். தமிழுக்கு 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் தோன்றியது. அதனைத் தொடங்கிய முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலும், அவருக்குத் துணைநின்ற முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் அமெரிக்காவிலும் இருந்தவர்கள். தாயகத்தை விட்டு நெடுந்தொலைவு சென்றோர் செய்த தொண்டு இது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்திலும் பழைய தமிழ் நூல்கள் பல ஏற்றப்பட்டுள்ளன. அங்கே ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறம் பெறும். மற்றொருவர் அதனைச் சரிபார்த்த பின்னரே பச்சையாகும். பச்சை நிறம் காணாத பக்கங்கள் இன்னும் மிகப் பல.

பொறியே படித்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். படிக்கும், ஆனால் பிழைபடப் படிக்கும். அச்சில் 'ர' என்னும் எழுத்தும் துணைக்காலும் ஏறத்தாழ ஒரே வடிவின. ஆதலால் 'பரவை' என்பது 'பாவை' ஆகிவிடுகிறது, கடல் பெண்ணாகிவிடுகிறது! இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே ஆதலின், அகராதியைக் கொண்டு சோதிக்கும் பொறியும் இப்பிழையைக் காணாது. செய்யுளின் பொருளும் ஓசையும் அறிந்தவரே காண்பர். சுவடியில் புள்ளியும் இல்லை, காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடும் இல்லை. அந்நிலையில் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார் உ. வே. சாமிநாதையர். அவர் பட்ட பாட்டின் சிறு திவலையே நாம் இன்று படவேண்டுவது.

மற்றொன்றும் சொல்வோம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. அதற்கு முன் 'லை', 'னை' முதலியன யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் அச்சாயின. 'றா', 'னா' முதலியன சுழித்து எழுதப்பட்டன. நம் இளைஞர் இவற்றைக் கண்டு திகைக்கின்றனர். நம் முதியோர்க்கோ இவை பள்ளிப் பருவத்துத் தோழர். தமிழ் எண்களும் அவ்வாறே. இவ்வறிவு இன்னும் எத்தனை ஆண்டு நம்மிடை நிற்கும்? அலமாரியிலுள்ள நூலைவிட விரைவில் மறையக்கூடியது இதுவே.

சட்டம் அறிந்தோரும் தேவை. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளிவந்த நூலின் உரிமை அவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு பெற்றுப் பின்னர் நாட்டுக்கு உரியதாக்கியது போன்ற விலக்குகளும் உண்டு. மூலம் பழையதாயினும் உரை புதியதாயின் உரையை இசைவின்றி இடலாகாது. எந்நூலை எடுப்பது, எப்பதிப்பைக் கொள்வது, எதனை விடுப்பது என்று எமக்கு அறிவுரை கூறுவோர் வேண்டும்.

ஆகவே, பழைய அச்சைப் படிக்க வல்லோர், யாப்பறிந்தோர், சட்டமறிந்தோர் ஆகியோரைத் தொண்டாய்வாளராக வருமாறு அழைக்கின்றோம். ஊதியம் இல்லை. கணினி தெரியாதே என்று எவரும் தயங்க வேண்டா. ஒரு முதியவர் அருகில் ஓர் இளைஞர் அமர்வார். பெரியவர் படித்துச் சொல்ல, இளையவர் தட்டச்சு செய்வார். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம். ஒரு பக்கம் முடிந்தாலும் போதும். பக்கம் திருந்தும், அதனினும் மேலாக, தாத்தாவின் தமிழ் பேரனின் காதில் விழும்.

பெயர் தருவதற்குரிய ஏடு நூல்நிலைய வாயிலில் உள்ளது. இல்லம் திரும்புமுன் அதில் உங்கள் பெயரைக் காண விழைகின்றோம். வாழ்க தமிழ்!