தேக்கம்பட்டிப் பாட்டி

நெம்மேலிக் கரையில், விடியலுக்கு முன்பே மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, எதிர்ப்படுவோரை எல்லாம் உறவுமுறை சொல்லி விசாரித்தபடியே நடந்து செல்லும் முதிய தாய்மாரைக் காணுந்தோறும், எனக்குக் கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள் பாட்டியின் ஞாபகமே வரும்.

இளம் பிராயத்திலேயே பெற்றோரை இழந்து, பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து, சிறு மளிகைக் கடை நடத்திக் காசு காசாய்ச் சேர்த்து நிலம் வாங்கி, சகோதரியின் மக்களைத் தம் மக்களாகவே வளர்த்து ஆளாக்கிய அம்மாதரசி, நூறு பிராயம் கடந்த பின்னும் இரண்டரை ஏக்கர் நிலத்தில் இரசாயன உரமின்றிப் பயிர் செய்துவந்தார். கடைத்திண்ணையில் நாலுபேரோடு பேசிப் பழகிய சுபாவந்தான், பின்னாளில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்து அறிஞர்களோடும் அவரைக் கூச்சமின்றிச் சம்பாஷிக்க வைத்தது என்றே நான் கருதுகிறேன். வேப்பங்குச்சியால் பல் துலக்குவார், வெந்நீரே அருந்துவார், இலையிலேதான் உண்பார். 2021-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அந்தக் கௌரவத்துக்குப் பின்னும் அவரது ஜீவியம் அந்த நிலத்தோடும் அந்த ஊர் ஜனங்களோடுமே இருந்தது.

2024 செப்டம்பர் 27 அன்று, நூறாண்டைக் கடந்த அந்தப் பெருவாழ்வு நிறைவுற்றது.