பாட்டி சொல்லாத கதை
(பரிசளிப்பு விழாவில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

‘நூல் பல கற்பதன் அவசியம்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அவசியம் என்றதுமே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆகவே விழாக் குழுவினர் மன்னிக்க வேண்டும். நாலைந்து நாவல்களின் பெயரைச் சொல்லிவிட்டு உட்காரப் போகிறேன். எல்லாம் காதல், போர், துரோகம் பற்றியவை. பயப்படாதீர்கள், பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம். பெற்றோருக்கும், பின்னால் நிற்கும் பழைய மாணவர்களுக்கும் சொல்கிறேன். இந்த உரையை மலரில் படிக்கப்போகும் நீங்களும் அதில் சேர்த்திதான்.

முதலில் ப. சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’. 1959ல் கலைமகள் பரிசு பெற்ற நாவல். ஆசிரியர் சிங்கம்புணரிக்காரர், இளவயதில் சுமத்ராவிலுள்ள மேடானுக்கு வேலைக்குப் போய், போரை நேரில் பார்த்தவர். கதை நம் பினாங்கில் நடக்கிறது. வட்டிக்கடை முதலாளி ஒருவர். அவரிடம் வேலை பார்க்கும் செல்லையாவுக்கும் முதலாளி மகள் மரகதத்துக்கும் காதல். இடையில் போர் வருகிறது. செல்லையா நேதாஜியின் படையில் சேருகிறான். திரும்பி வந்ததும் முதலாளி கணக்குப் போட்டுப் பார்க்கிறார். துப்பாக்கி பிடித்த கை பேரேடு எழுத லாயக்கில்லை என்று முடிவு கட்டி, பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிறார். முதல் தடவை படித்தபோது எனக்கு அந்த அப்பா மேல் அப்படியொரு கோபம்! இரண்டாந்தடவை படிக்கும்போது எனக்கும் ஒரு மகள் இருந்தாள். அந்த மனிதரின் பயம் என்னவென்று விளங்கியது.

இதே ஆசிரியர் 1972ல் ‘புயலிலே ஒரு தோணி’ என்ற பெரிய நாவலையும் வெளியிட்டார். அது கொஞ்சம் கரடுமுரடான நடை. சின்னதைப் படித்து ருசி கண்ட பிறகு பெரியதுக்குப் போங்கள்.

இனி, கடையை விட்டுத் தோட்டத்துக்கு வருவோம். சப்பான்காரன் 1941 டிசம்பர் 8ல் கோத்தபாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. பிறகு சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. நேசப்படைக் கைதிகள் 60,000க்கு மேல் அங்கே வேலை செய்து, 12,000க்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்கிறார்கள். அதில் நம் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய் இருக்கின்றன. நம்மாட்களுக்கு, பெரும்பாலும், குழிதான்.

‘குவாய் ஆற்றுப் பாலம்’ படம் பார்த்திருப்பீர்கள், 1957ல் வந்தது. அதன் மூல நாவலை 1952ல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், போருக்கு முன்னால் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அப்படியிருந்தும் படத்தில் நம்மவர்களைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார்கள். நம்மவர்களைப் பற்றி நம்மவர்தான் எழுத வேண்டியிருந்தது. 1993ல் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். 2005ல் அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். ரெங்கசாமி நம்மைப்போல் தமிழ்ப்பள்ளிக்காரர், தலைமையாசிரியராக இருந்தவர் என்பதை இந்த மேடையில் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

‘சயாம் மரண ரயி’லை நான் ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். என் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

1992ல் என் பாட்டி இறந்தார். சவ வீட்டுக்கு வேறொரு தோட்டத்திலிருந்து ஒரு கிழவர் வந்தார். உள்ளே வரவில்லை. லயத்துக்கு எதிரே மரத்தடியில் நின்றார். எடுத்துப் போகும்வரை நின்றுவிட்டுப் போய்விட்டார். “யாரும்மா அந்தத் தாத்தா?” என்று கேட்டேன். “அப்புறம் சொல்றேன்” என்றார் அம்மா. அந்த அப்புறம் வரவேயில்லை. மறு வருடம் இந்த நாவல் வந்தது. படித்துவிட்டு, ஒரு ராத்திரி அம்மாவிடம் போய், “நம்ம தோட்டத்திலேயிருந்து சயாமுக்கு யார் யார் போனாங்க?” என்று கேட்டேன். அதன் பிறகுதான் வாய் திறந்தார்.

அந்தக் கிழவர் என் பாட்டியின் முதல் புருஷன். பெரட்டுக் களத்தில் சயாமுக்குப் போகிறவர்கள் பெயரை வாசித்தார்கள். பெயர் எழுதிக் கொடுத்தவர் சப்பான்காரன் இல்லை, நம் தோட்டத்து ஆள். அவர் தன் தம்பி பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரைப் போட்டார். ஒன்றரை வருடம் தகவலே இல்லை. செத்துவிட்டார் என்று முடிவு செய்து, பாட்டிக்கு மறு கல்யாணம் பண்ணி வைத்தார்கள். அண்ணன்காரருக்கு மனசு உறுத்தியதோ என்னவோ, அந்தத் தம்பிக்கே கட்டி வைத்தார். அந்தத் தம்பிதான் என் தாத்தா.

1945 கடைசியில் அவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். அப்போது என் அம்மா பாட்டி வயிற்றில். பாட்டி, “சாப்பிட்டுட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னாராம். சாப்பிட்டுவிட்டு அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஊரும் வாயைத் திறக்கவில்லை. என் தாத்தா ரொம்ப நல்ல மனிதர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு ஒன்று: நம் பினாங்குக்காரர் தான் துவான் எங் எழுதிய ‘மாலை மூடுபனித் தோட்டம்’. 2012ல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. சப்பானியர் முகாமில் அக்காவைப் போலவே தானும் அடைபட்டு, தான் மட்டும் உயிர் பிழைத்த ஒரு பெண், கேமரன் மலையில் ஒரு சப்பானியரிடமே தோட்டக்கலை படிக்கப் போகிறாள். மீதியை நான் சொன்னால் உங்களுக்குச் சுவை போய்விடும்.

தமிழ் நாவல்களில் இரண்டிரண்டு பிரதி தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். எடுத்துப் போங்கள், தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். போன வருடம் என் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால், ‘சயாம் மரண ரயி’லை நான் வாசித்துக் காட்டினேன். பாதியில், “போதும்பா, மூடி வை” என்றார். மறுநாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டே, “நேத்து எங்கே விட்டே? அங்கேயிருந்து படி” என்றார்.