பையன் கையில் ஸ்பேனர்

பத்தாவது படிக்கிற பையன், "கார் எஞ்சினை நானே பிரிச்சு மாட்டணும்"னு சொன்னா நாம என்ன சொல்வோம்? "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு!"

ஆனா, கோயம்புத்தூர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு இளவயசுல ஹோட்டல்ல வேலை பார்த்து, காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கினதும் ஊர் சுத்தக் கிளம்பலை. அக்கு வேறு ஆணி வேறா கழட்டி, திரும்பவும் பூட்டினார். அவருடைய முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஓடாத பழைய மாருதி 800 எஞ்சின் ஒண்ணு கிடைச்சாப் போதும். 796 சிசி, மூணே சிலிண்டர். தூக்கி இறக்கும்போது மட்டும் பெரியவங்க கூட நிக்கணும். கழட்டக் கழட்ட போட்டோ எடுத்து, எந்த இடத்து போல்ட்டுன்னு எழுதி, தனித்தனி டப்பாவுல போடச் சொல்லுங்க. திரும்பப் பூட்டும்போது பேரிங் மூடிகள் இடம் மாறவே கூடாது. சிலிண்டர் ஹெட் போல்ட்டை நடுவுல தொடங்கி வெளிப்பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா, இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கணும். ஒரே பக்கமா இறுக்கினா ஹெட் கோணிக்கும், கேஸ்கெட் கசியும்.

ஆர்வம் நிலைச்சுதுன்னா, பத்தாவது முடிச்சதும் ஐ.டி.ஐ.யில மோட்டார் மெக்கானிக் படிப்பு இருக்கு. 2 வருஷம்.

ஒரு பையன் இப்படித்தான் எஞ்சினைக் கழட்டிப் பூட்டினான். கீழே நாலு போல்ட் மிச்சம்!

"என்னடா இது?"ன்னார் அப்பா.

பையன் சொன்னான்: "கம்பெனிக்காரங்க அதிகமா போட்டுட்டாங்கப்பா. நான் மிச்சம் பிடிச்சிருக்கேன்!"