கணினித் தொகுப்பும் அதன் முன்தேவைகளும்

(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



2019-ஆம் ஆண்டு வெளிவந்த மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் என்னும் கணினி மொழியைக் கற்பிக்கின்றது. அதன் இறுதிப் பாடம், மேட்பிளாட்லிப் என்ற மென்பொருள் தொகுப்பைக் கொண்டு வரைபடம் வரைவதைப் பற்றியது. நான் கண்டவரையில், நம் பிள்ளைகள் அப்பாடத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றுவிடுகின்றனர். தொகுப்பைக் கணினியில் நிறுவிப் பார்த்தவர் மிகச் சிலரே. முயன்றவரும், ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்துகள் திரையில் தோன்றியவுடன், "இது நமக்கு வராது" என்று எழுந்துவிடுகின்றனர். பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் வாயில் அச்சொல் வருவதை என்னால் பொறுக்க இயலவில்லை. அந்தச் சிவப்பு எழுத்து உங்களைப் பற்றிய தீர்ப்பன்று. கணினியில் எது குறைகின்றது என்னும் அறிவிப்பே.

பீடி சுற்றும் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். இலை, தூள், நூல் மூன்றும் வந்த பின்பே வேலை நடக்கும். இலை வரவில்லையெனில் சுற்றுபவரின் கை குற்றமன்று. மேட்பிளாட்லிப்பும் தனித்து இயங்குவதில்லை. நம்பை முதலிய வேறு தொகுப்புகள் அதற்கு வேண்டும். அவற்றையெல்லாம் தேடிக் கொண்டுவருவது பிப் என்னும் கருவி. அது பைத்தானுடனேயே வருகின்றது, கட்டணமில்லை. பிப் நம் ஊரையோ தெருவையோ கேட்பதில்லை. பைத்தானின் பதிப்பு எண்ணைத்தான் பார்க்கின்றது.

பழைய கணினி வைத்திருப்போர் அந்த எண்ணில்தான் தடுமாறுகின்றனர். விண்டோஸ் 7-இல் பைத்தான் 3.8-க்கு மேற்பட்ட பதிப்பு இயங்காது. அந்த 3.8-க்கு ஏற்ற மேட்பிளாட்லிப், 3.7 வரிசையோடு நின்றுவிட்டது. ஆயினும் பள்ளிப் பாடத்திற்கு அதுவே தாராளம். புதுக் கணினிக்காகக் கடன்பட வேண்டா. பிப் என்ற கட்டளையே தெரியவில்லை எனத் திரை கூறுமாயின், பைத்தானை நிறுவும்போது 'பாத்' என்னும் கட்டத்தில் குறியிடாது விட்டிருக்கக்கூடும். நிறுவிய பின்னரும் தொகுப்பைக் காணோம் என்று கூறுமாயின், ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் குடியிருக்கலாம்.

தன்னார்வலர்கள் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் தொகுப்பையும் இவ்வாறே நிறுவலாம். வெறும் பைத்தானிடம் 'முக்கூடல்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணி 9 என்று விடை தரும். ஓப்பன் தமிழ் அதனை 5 எழுத்தாகச் சரியே பிரித்துக் கொடுக்கும். நம் ஊர்ப் பெயரை எழுத்தெண்ணிப் படிக்கவும் ஒரு தொகுப்பு தேவைப்படுகின்றது, பாருங்கள்!

எஞ்சியது இணையம். அதற்கு வீட்டுக்கு வீடு இணைப்பு வேண்டுவதில்லை. இணைப்புள்ள ஒரு கணினியில் 'பிப் டவுன்லோட்' என்ற கட்டளையைத் தொகுப்பின் பெயரோடு கொடுத்தால், அத்தொகுப்பும் அதன் துணைத் தொகுப்புகளும் ஒருங்கே வந்து சேரும். அவற்றைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, 'நோ இண்டெக்ஸ்', 'ஃபைண்ட் லிங்ஸ்' என்னும் குறிப்புகளைச் சேர்த்து நிறுவினால், இணையமின்றியே வேலை முடியும். இரு கணினிகளிலும் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒன்றாயிருத்தல் வேண்டும். 32 பிட்டுக்கு எடுத்தது 64 பிட்டுக்கு ஆகாது.

ஆகவே, கழகத்தின் படிப்பகத்தில் ஓர் இணைய இணைப்பும், எந்தப் பதிப்புக்கு உரியது என்று மேலே எழுதி ஒட்டிய பென்டிரைவுகள் இரண்டும் இருக்க வகை செய்யுமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.