அந்த 375 பேரும் நம்ம கண்டுமுதலும்

(விவசாயிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



குத்தகைப் பதிவு கேட்டு எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போறோம்னு சொன்னதும், "அவரு என்னத்த செய்வாரு, எல்லாம் அதிகாரிங்க கையில" என்று ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அப்படிப் பேசுறவங்களுக்கு ஒரு பழைய சட்டசபையின் கணக்கைச் சொல்றோம், கேளுங்க.

1952 ஜனவரியில் முதல் பொதுத் தேர்தல். அதுக்கு முன்னாடி வரி கட்டுறவன், படிச்சவன் இப்படிப்பட்டவங்களுக்குத்தான் ஓட்டு. அந்தத் தேர்தலில்தான் 21 வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டு வந்தது. மிராசுதாருக்கும் ஒண்ணு, அவர் பண்ணையில சாணி அள்ளுனவனுக்கும் ஒண்ணு! அன்றைய சென்னை ராஜ்யத்தில் ஆந்திரா, மலபார், பெல்லாரி எல்லாம் சேர்ந்திருந்தன. கீழ்ச்சபைக்கு 375 உறுப்பினர்கள். 62 தொகுதிகளுக்கு இரண்டு இரண்டு உறுப்பினர். அதில் ஒருவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். அந்தச் சபை சபாநாயகராகத் தேர்ந்தெடுத்ததும் தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த சிவசண்முகம் பிள்ளையைத்தான்.

யார் யார் ஜெயிச்சாங்க? காங்கிரசுக்கு 152. ஆட்சிக்கு 188 வேணும். கம்யூனிஸ்டுகள் 62, சுயேச்சைகள் 62, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35, உழைப்பாளர் கட்சி 19, கிருஷிகார் லோக் கட்சி 15. கிசான்னாலும் கிருஷிகார்னாலும் உழவன்தானே! நம்ம பேரைச் சொல்லாமல் ஓட்டுக் கேட்க முடியாத காலம் அது. மதுரை வடக்கில் பி.ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். அனந்தபூரில் டி.நாகிரெட்டியும் அப்படித்தான்.

ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. மேலவைக்கு நியமனமாகி, அந்த வழியாக 1952 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனார். இது நியாயமான்னு கேட்டால், எங்களைப் பொறுத்தவரை நியாயமில்லை. ஜூலை 3ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் 200க்கு 151 என்று தப்பித்தார். எதிரில் 151 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தஞ்சாவூர் ஜில்லாவில் குத்தகைக்காரரும் பண்ணையாளும் சங்கம் வைத்து எழுந்து நிற்கிறார்கள். ஆகஸ்டிலேயே அவசரச் சட்டம் வந்தது. அந்த வருஷமே சபை அதை முறையான சட்டமாக்கியது. அதுதான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். கம்யூனிஸ்டுகளை எதிரியாகப் பார்த்தவர்தான் ராஜாஜி. அவர் கையாலேயே வந்தது!

அதில் என்ன இருந்தது? கண்டுமுதலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைக்காரனுக்குக் கட்டாயம். நினைச்ச நேரத்துல நிலத்தை விட்டு இறக்க முடியாது. பண்ணையாளையும் இஷ்டத்துக்கு விலக்க முடியாது. ஓட்டையும் இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்குத்தான் சட்டம். அந்தச் சந்துல யார் யார் நுழைவாங்கன்னு உங்களுக்கு நாங்க சொல்லித் தரணுமா?

சட்டசபை அப்படியே இருக்கவில்லை. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரா தனி மாநிலமாச்சு. 375 பேர் 231 ஆனார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி போய் காமராஜர் வந்தார். அவர் குடியாத்தத்தில் இடைத்தேர்தலில் நின்று, ஜெயித்து உட்கார்ந்தார். 1956 நவம்பரில் மலபார் போனது. சபை 190 ஆனது. இத்தனை ஆட்டத்துக்கு நடுவிலும் வேலை நடந்தது. 1955இல் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தஞ்சாவூருக்கு மட்டுமல்ல, ராஜ்யம் முழுமைக்கும். 1956இல் நியாயவாரச் சட்டம். ஆத்துப் பாசன நஞ்சையில் நில உடைமையாளருக்கு நூற்றுக்கு 40தான் என்று எழுதினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்க. களத்துல நூறு மூட்டை. 1952 சட்டத்தில் நமக்கு 40. 1956 சட்டத்தில் நமக்கு 60. தேர்தல் ஒண்ணுதான், சபையின் ஆயுள் ஒண்ணுதான். நான்கே வருஷத்தில் நாற்பது யாருக்கு என்பது தலைகீழாக மாறிப்போச்சு. இதை எழுதினது கலெக்டரோ தாசில்தாரோ இல்லை. கை தூக்கின உறுப்பினர்கள். அவங்களைத் தூக்க வெச்சது வெளியில் நின்ற கூட்டம்.

இன்னிக்கு நம்ம சபையில் 234 பேர். குத்தகையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் இருக்கிறது. ஆனாலும் வாய்வார்த்தைக் குத்தகையில் உழுகிறவன் பேர் பதிவேட்டில் ஏறுவதில்லை. பேர் இல்லாட்டி சொசைட்டிக் கடனுக்கு அலைச்சல், பயிர்க் காப்பீட்டுக்கு அலைச்சல். வெள்ளம் வந்தா நஷ்டம் நமக்கு, நிவாரணம் பட்டாக்காரருக்கு! கொள்முதல் நிலையத்துல மூட்டையை இறக்கிட்டு சிட்டாவுக்கு இன்னொருத்தர் வாசலில் நிற்கிறோம்.

ஆகவே கேட்கப் போறது இரண்டுதான். ஊர் ஊராக முகாம் போட்டு, உழுகிறவன் பேரை விசாரித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அது வரைக்கும் யார் சாகுபடி என்று கிராமசபை எழுதிக் கொடுப்பதை ஏற்க வேண்டும். நம்ம தொகுதி உறுப்பினர் இதைச் சபையில் கேள்வியாக எழுப்பணும். என்ன பதில் வந்ததுன்னு ஊருக்கு வந்து சொல்லணும்.

மனுவில் கையெழுத்து வாங்க நம்ம ஆட்கள் தெருத்தெருவாக வருவார்கள். சர்வே நம்பர், எத்தனை மா, எத்தனை வருஷமா உழுகிறீங்க என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்க. குத்தகை அளந்த சீட்டு பழசா இருந்தாலும் பரவாயில்லை, நகல் எடுத்துக் கொடுங்க. வீட்டுப் பெண்கள் பேரில் சாகுபடி இருந்தால் அவங்க பேரையே எழுதுங்க.