உழைப்பின் விலை உரிய நாளில் வேண்டும்



திருப்பூரைப் பின்னலாடை நகரம் என்று உலகம் போற்றுகிறது. அப்புகழெல்லாம் ஏற்றுமதி செய்யும் பெருநிறுவனங்களின் பெயரிலேயே எழுதப்படுகிறது. ஆயின், ஒரு பனியன் உருவாகும் வழியைப் பாருங்கள். நூல் ஓரிடத்தில் துணியாகப் பின்னப்படும், வேறோரிடத்தில் வெளுக்கப்பட்டுச் சாயமேறும், பிறிதோரிடத்தில் அச்சேறும், பின்னர், ‘பவர்டேபிள்’ எனப்படும் மின்தையற் கூடத்தில் தைக்கப்படும். இராயபுரம், காதர்பேட்டை முதலிய பகுதிகளின் தொழில் இத்தகைய சிறு கைகளைப் பற்றியே நிற்கிறது.

இச்சிறு தொழிலரைப் பற்றிய பெருநோய் யாது? செய்த வேலைக்கு உரிய நாளில் விலை வாராமையே! திருப்பூரில் வழங்குவது வாரக்கூலி. காரிக்கிழமை மாலை தையற்காரர் கையில் பணம் வைத்தாக வேண்டும். வேலை கொடுத்தவரோ திங்கள் இரண்டு மூன்று கடத்துவதும் உண்டு. இடைப்பட்ட நாள்களைக் கடத்தக் கந்துவட்டிக்காரன் வாயிலில் நிற்க வேண்டும். அஃதாவது, சிறியவன் வட்டிக்கு வாங்கிப் பெரியவனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறான்! இக்கொடுமைக்கு வணிக வழக்கம் என்று பெயர்!

2025 ஆகத்து 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. இத்தகைய இடி விழும்போது மேலிருப்போர் சுமையைக் கீழே தள்ளுவர். அதற்குக் கீழே தள்ள ஆளற்ற கடைசித் தையற்கூடமே நொறுங்கும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் என்ன சொல்கிறது? குறு, சிறு தொழிலரின் பொருளையோ பணியையோ ஏற்றவர், எழுத்துவழி உடன்பாட்டில் குறித்த நாளுக்குள், எவ்வாறாயினும் 45 நாளுக்கு மேற்படாமல், பணம் தரல் வேண்டும். உடன்பாடு இல்லையேல் 15 நாளே தவணை. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி. அதுவும் திங்கள்தோறும் வட்டிக்கு வட்டி! மாநில அரசு அமைத்த வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். அதன் தீர்ப்பை எதிர்க்கும் வாங்குநர், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்னரே கட்டல் வேண்டும். 2023-இல் வருமானவரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதியோ, உரிய நாளில் தராத தொகையை, அது தரப்படும்வரை, செலவாகக் கழிக்க விடாது.

இவ்வளவு இருந்தும் பயன் எங்கே? ‘கேட்டால் அடுத்த வேலை வாராது’ என்னும் அச்சம் வாயைக் கட்டுகிறது. ஒருவன் கேட்டால் அவனை ஒதுக்கலாம். தெருவே கேட்டால் எவரை ஒதுக்குவர்? பத்துக் கூடங்கள் ஒன்றாய் நின்று, 45 நாளுக்குமேல் தவணையில்லை என்று உறுதி பூண்டால், ஒதுக்க நினைப்பவரே வழிக்கு வருவர்.

ஆகலின், தொழிலர் செய்ய வேண்டியவை மூன்று. கட்டணமில்லா ‘உத்யம்’ பதிவை, வேலை ஏற்குமுன்பே முடித்தல் ஒன்று. விலையும் நாளும் குறித்த உடன்பாட்டை, கையொப்பமிடுவார் படித்தறியும் தமிழிலேயே எழுதி வாங்கல் இரண்டு. பகுதிதோறும் சங்கமாகக் கூடிக் கேட்டல் மூன்று.

சிறு தொழிலர் கேட்பது கொடையன்று, சலுகையுமன்று. தாம் தைத்த துணிக்கு உரிய விலையை, உரிய நாளில் கேட்கின்றனர். அதைத் தாராத வளர்ச்சி, எவர் வளர்ச்சி?