குழந்தைப் பள்ளி ஆசிரியையும் கிராமச் சங்கமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விதைக்கும் உரத்திற்கும் கடன் கேட்கக் கூடும் சபையிலே சிறு குழந்தைகளின் பள்ளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது சங்கத்தின் காரியமன்று எனக் கருதுவோர் இங்கு இருக்கலாம். அவர்கள் பொருட்டு, இத்தாலி தேசத்துக் குடியானவர் செய்த ஒரு காரியத்தை முதலிற் கூறுகிறேன்.

1945-ஆம் வருஷம் யுத்தம் ஓய்ந்த சில நாட்களுக்குள், ரெஜ்ஜோ எமிலியா நகரத்தை அடுத்த வில்லா செல்லா என்னும் கிராமத்தார், பின்வாங்கிய ஜெர்மன் படையார் விட்டுச் சென்ற டாங்கி ஒன்றையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அப்பணத்தைக் கொண்டு குழந்தைப் பள்ளி கட்டத் தொடங்கினர். நிலத்தை ஒரு குடியானவர் கொடுத்தார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லும் ஆற்று மணலும் உதவின. உழைப்பு ஊராருடையது. இதைக் கேள்வியுற்ற லோரிஸ் மலகுத்ஸி என்னும் இளம் உபாத்தியாயர் சைக்கிளில் ஏறிச் சென்று பார்த்தார். பிற்காலத்தில் அவ்வூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அக்கம்பக்கத்து ஏழை மக்களும் இவ்வாறே பள்ளிகள் திறந்தனர். அவற்றுட் சில பணமின்றி மூடப்பட்டன. ஏனெனில், டாங்கியை ஒரு முறைதான் விற்கலாம். ஆசிரியைக்கோ மாதந்தோறும் சம்பளம் வேண்டும். எஞ்சியவற்றைப் பெற்றோர் ஏறக்குறைய இருபது வருஷம் தாங்கினர். 1963-இல் நகரசபை தன் முதற் குழந்தைப் பள்ளியைத் திறந்தது. 1967-க்குள் பெற்றோர் நடத்தியவையும் அதன் பொறுப்பில் வந்தன.

நம் தேசத்தில் அங்கன்வாடித் திட்டம் 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி துவங்கியது. அதில் உழைக்கும் பெண்மணி பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியம் எனப்படுகிறது. பெயரில் மதிப்பு இருக்கிறது! 2018-இல் மத்திய சர்க்கார் வகுத்த அத்தொகை மாதம் 3,000 ரூபாயினின்று 4,500 ரூபாயாக உயர்ந்தது. ராஜ்யங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் உரியது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததோ 2022-இல்தான். கூடுதலாகக் கொடுக்கும் வேறு வேலை கிடைத்தால் அவர் போய்விடுவதில் வியப்பில்லை. மூன்று வயதுக் குழந்தை அவர் குரலுக்குப் பழகி அழுகையை நிறுத்திய வேளையில் புதியவர் ஒருவர் வந்து நிற்பார். குழந்தை மறுபடி அழத் தொடங்கும்.

சங்கம் என்ன செய்யக் கூடும்? 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவே வழி காட்டியிருந்தது. நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், மீதியில் நூற்றுக்குப் பத்து வரை, ரிஜிஸ்திராரின் அனுமதியுடன், தருமகாரியத்திற்குக் கொடுக்கலாம் என்றது அது, கல்வியும் தருமகாரியமே. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய் லாபத்தில் 25,000 சேமநிதிக்குப் போனால், மீதி 75,000-இல் பத்திலொன்று 7,500. மாதத்திற்கு 625 ரூபாய். இது சம்பளமாகாது, ஆக்கவும் கூடாது. சர்க்காரின் கடமையை நாம் ஏற்றுக்கொண்டு அவர்களுக்கு ஓய்வு கொடுப்பது புத்தியன்று. ஆனால் அது அவருடைய பஸ் செலவாகும், அல்லது பயிற்சிக் கட்டணமாகும். பக்கத்துச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் தொகை பெருகும்.

அப்பணத்தை யாரோ ஒருவர் தம் கையால் வழங்குவதை நான் விரும்பவில்லை. கொடுப்பவரைக் கண்டு எழுந்து நிற்கும் நிலை ஆசிரியைக்கு வேண்டாம். மகாசபைத் தீர்மானத்தின்படி, குறித்த தேதியில், ரசீதுடன் சேரட்டும்.

இக்காலத்தில் அந்தந்த ராஜ்யச் சட்டமும் உங்கள் துணைவிதிகளுமே விகிதத்தை நிர்ணயிப்பன. ஆகையால் காரியதரிசி அவர்கள் துணைவிதிப் புஸ்தகத்தை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று ஆசிரியையையும் அழைத்து, அவருக்கு எது அவசரமென்று அவர் வாயாலேயே கேட்டறிந்து, பிறகு தொகையை எழுதுவோம்.